நாற்பத்தேழாம் எண் குறைச்சீட்டு

ஊர் மன்றத்தில் பதினோரு பேர் உறுப்பினர்கள். அதில் பத்துப் பேருக்கு ஆப்பிள் என்றால் கடையில் வாங்கிக் கடித்துத் தின்கிற சாமான். அது மரத்தில் காய்க்கிறது, அந்த மரத்துக்குப் பின்னால் ஒரு வருஷத்துப் பாடு இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் ஆப்பிளக்காதான். ஐம்பத்தெட்டு வயது. முந்நூறு மரம், பெட்டி கட்ட ஒரு தகரக் கொட்டகை, நான்கு அறை வீடு, அந்த வீட்டுக்குள் ஒரே ஒரு ஆள். அவளுக்கென்று சொந்தமாக ஒரு பெயரும் இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்ட புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அம்மா என்று கூப்பிட்டவன் வீட்டை விட்டுப் போய் நான்கு வருஷம். முன்னவர் போன இடத்திலிருந்து யாரும் பேச முடியாது, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பின்னவன் கடல் தாண்டித்தான் போயிருக்கிறான். ஒரு போன் போட அவனுக்கு என்ன கேடு என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து எல்லா ஊர் மன்றங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டு ஆப்பிளுக்கு இறக்குமதி வரியை ஏற்றலாமா, உங்கள் மன்றம் என்ன சொல்கிறது, தீர்மானம் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். மூன்று வருஷமாகத் தோட்டக்காரர்கள் கரடியாகக் கத்தியதற்கு வந்த முதல் பதில் அது. வெளிநாட்டுப் பெட்டி மண்டியில் பாதி விலைக்குக் கிடைக்கும்போது உள்ளூர்ப் பெட்டியை எவன் தொடுவான்? அடுத்தடுத்த இரண்டு தோட்டத்துக்காரர்கள் மரத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள். மிச்சம் இருந்த நாற்பது பேரும் ஒரு நாள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"அக்கா, தீர்மானத்த நீங்கதான் கொண்டு வரணும். மத்தவங்களுக்கு இதப் பத்தி ஒரு எழவும் தெரியாது. நீங்க வாயத் திறந்தா நாங்க பொழச்சோம். திறக்கலன்னா அடுத்த வருஷம் இந்தப் பக்கம் ஒரு மரம் இருக்காது."

"நான் திறக்காம வேற யாரு திறப்பா? போங்கடா, போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பி வைத்தாள். அன்றைக்கு அது லேசான காரியமாகத்தான் தெரிந்தது.

மன்ற அலுவலகத்தில் ஒரு கிளார்க் இருந்தார். கையில் காகிதம் கிடைத்தால் போதும், முத்திரையைக் குத்திவிட்டுத்தான் என்ன காகிதம் என்றே பார்ப்பார். அதனால் ஊரில் அவருக்கு முத்திரை என்றே பெயர். மேலிடத்துக் கடிதத்தோடு வந்த படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அக்கா, எல்லாக் கட்டமும் ரொப்பிட்டேன். ஏழாவது கட்டம்தான் காலியா நிக்குது. இறக்குமதிப் பழத்தில் காணப்பட்ட குறைகள். நான் பழத்தையே இன்னும் பாக்கலயே, எதைக் காணறது?"

"காலியா விடுங்க தம்பி."

"காலியாவா!" முத்திரைக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஒரு கட்டம் காலியா இருந்தாலும் மேல திருப்பி அனுப்பிடுவாங்கக்கா. ஒண்ணு பண்ணுங்க. மண்டியில ஒரு வெளிநாட்டுப் பெட்டி வாங்கிட்டு வாங்க. புதன்கிழமை மன்றத்துல எல்லாரும் பாக்கத் திறப்போம். உள்ள ஒரு சீட்டு வெச்சிருப்பானாம், குறைச்சீட்டு. அதுல நீங்க குறையக் குறிச்சுக் கையெழுத்துப் போடுங்க. அதை அப்படியே தீர்மானத்தோட சேத்துடுவேன். இன்னொரு பிரதிய அந்தக் கம்பெனிக்கும் அனுப்பி வெச்சிடலாம். சும்மா விடக் கூடாது பாருங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா மண்டிக்குப் போனாள். தரகர் அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"என்னக்கா, எதிரி பெட்டிய வாங்க நீங்களே வந்துட்டீங்க? ஊர் உலகம் பாத்தா என்ன சொல்லும்?"

"சொல்றவன் சொல்லட்டும். நல்லதா ஒண்ணு எடுங்க. அந்தக் குறைச்சீட்டு எதுலயாவது இருக்கா?"

"எல்லாத்துலயும் இருக்கும். மூடிய திறந்தா மேலேயே இருக்கும். அவங்க பாஷை நமக்குத் தெரியாதுன்னு படம் போட்டு வெச்சிருக்கான். அடிபட்ட பழம், அழுகின பழம், புழு, தராசு. எது குறையோ அந்தப் படத்து மேல ஒரு கோடு இழுத்துத் தபால் பெட்டியில போட்டாப் போதும், தபால் செலவு கூட அவங்களது. சீட்டுல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அது பெட்டி கட்டின ஆளோட நம்பர். சீட்டு போய்ச் சேந்ததும் அந்த ஆளக் கூப்பிட்டு நிக்க வெச்சு விசாரிப்பாங்க, கூலியில பிடிப்பாங்க. அதான் அவ்வளவு பயந்து பயந்து கட்டறானுங்க."

பெட்டியைக் கொண்டுவந்து கொட்டகையில் மேஜை மேல் வைத்தாள். நாளைக்கு நாலு பேர் முன்னால் திறந்து அசடு வழியக் கூடாதே, உள்ளே என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுவோம் என்று மூடியைத் தூக்கினாள். சீட்டு மேலேயே இருந்தது. நம்பர் நாற்பத்தேழு. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பழத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒவ்வொரு பழமும் மெல்லிய தாளில் சுற்றியிருந்தது. தாளில் சுற்றுவது உலகத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் சுற்றி முடித்துத் தாளின் நுனியை முறுக்கும்போது எல்லாரும் வலப்பக்கம் முறுக்குவார்கள். அக்கா இடதுகைக்காரி. அவள் முறுக்கு இடப்பக்கம் போகும். அதோடு விடமாட்டாள். முறுக்கிய வாலை இரண்டு மடிப்பு மடித்துக் காம்புக் குழிக்குள் செருகிவிடுவாள், காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தக் கூடாது என்று. அது அவளாகக் கண்டுபிடித்த வேலை. கூலிக்கு வருகிற பெண்களிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை. எட்டு வயதில் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று, அவள் கையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன் ஒருத்தன்தான் கேட்டான். வலதுகைக்காரனாக இருந்தும் இடப்பக்கம் முறுக்கினான். "தலைகீழாப் பண்றியேடா" என்று அப்பா கேலி செய்வார். "அம்மா மாதிரிதான் பண்ணுவேன்" என்பான்.

பெட்டியில் இருந்த பழம் முழுக்க இடப்பக்க முறுக்கு. முழுக்க இரண்டு மடிப்பு. காம்புக் குழிக்குள் செருகியிருந்தது.

மகன் வெளிநாட்டில் ஏதோ பழக் கம்பெனியில் பெட்டி கட்டுகிறான் என்று ஊர்த் தையல்காரர் ஒரு தடவை சொல்லியிருந்தார். அவர் தம்பி அதே நாட்டில் இருக்கிறான். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை, இவளும் துருவிக் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றித் தையல்காரரிடம் விசாரிப்பதா? அந்த ரோஷம் அவளுக்கு. நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே கொட்டகையில்தான் சண்டை. பாதி மரத்தைப் பிடுங்கிவிட்டுக் குளிர்சாதனக் கிடங்கு கட்டுவோம், வெளிநாட்டுப் பழம் வாங்கி விற்போம், இந்தத் தோட்டத்தை நம்பிக்கொண்டு இருந்தால் இரண்டு பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றான் அவன். "மரத்து மேல கைய வெச்சா அப்புறம் இந்த வாசல மிதிக்காத" என்றாள் அவள். அவன் மரத்து மேல் கை வைக்கவில்லை. வாசலையும் மிதிக்கவில்லை. சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளையைப் பெற்றால் இதுதான் கதி.

அன்று பகல் முழுக்க அவள் கொட்டகையை விட்டு நகரவில்லை. ஒரே ஒரு பழத்தை மட்டும் பிரித்துப் பார்த்தாள். அடி இல்லை, வடு இல்லை, விரல் ரேகை கூட இல்லை. திரும்பச் சுற்றி, முறுக்கி, மடித்து, செருகி வைத்தாள். வைத்த பிறகு எது அவன் சுற்றியது, எது தான் சுற்றியது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமாகவே அழுதாள். கேட்க யார் இருக்கிறார்கள்?

அழுது முடித்ததும் யோசனை வந்தது. நாளைக்குத் தீர்மானம் நிறைவேறி வரி ஏறினால் இந்தப் பெட்டிகள் வராது. பெட்டி வராவிட்டால் அங்கே ஆளைக் குறைப்பார்கள். முதலில் யாரைக் குறைப்பார்கள்? வெளியூர்க்காரனைத்தான். தன் பிள்ளை வயிற்றில் தானே அடிப்பதா? இத்தனை வருஷத்தில் அவனிடமிருந்து வந்த ஒரே சேதி இந்தப் பெட்டிதான். அதையும் தன் கையாலேயே நிறுத்துவதா? சும்மா இருந்தால் போதும். நாளைக்கு உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டால் தீர்மானத்தை முன்மொழிய ஆளில்லை, காரியம் அதோடு முடிந்துவிடும். ஆனால் வாசலில் வந்து நின்ற நாற்பது பேர்? அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் எத்தனை பிள்ளைகள் வேறொரு நாட்டுக் கொட்டகையில் நம்பராக நிற்கப் போகிறார்கள்? இவன் போனதே விலை விழுந்ததால்தானே? மனசு அங்குமிங்கும் ஆடியதே தவிர ஒரு முடிவுக்கு வரவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால் கேட்க ஆளில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு, சீட்டையும் உள்ளே வைத்து மூடிய பெட்டியோடு போய் உட்கார்ந்துவிட்டாள். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

முத்திரை பெட்டியை மேஜை நடுவில் வைத்து, ஏதோ புதையலைத் தோண்டி எடுத்தவர் மாதிரி மூடியைத் திறந்தார். திறந்ததுதான் தாமதம், ஆளுக்கொரு பழத்தை எடுத்தார்கள். பர் பர் என்று தாளைக் கிழித்துத் தரையில் போட்டார்கள். கடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தவர்கள் சாறு ஒழுகத் தின்றதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அக்கா பழத்தைப் பார்க்கவில்லை. கீழே விழுகிற தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழமண்டியில் கடை வைத்திருக்கிற ஒரு உறுப்பினர்தான் முதலில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தலைவரே, நான் எதிர்த்துத்தான் பேசுவேன். இந்த விலைக்கு வந்ததாலதான் இல்லாதவன் வீட்டுப் பிள்ளை கூட ஆப்பிள் திங்குது. வரியப் போட்டா அது வாயில மண்ணு. நாப்பது தோட்டக்காரனுக்காக நாலாயிரம் வீட்டுக்காரன் கூடக் குடுக்கணுமா?"

பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு மூன்று தலைகள் ஆடின. முத்திரை அவசரமாகக் குறைச்சீட்டை அக்கா முன்னால் நகர்த்தி, பேனாவைத் திறந்தே கையில் கொடுத்தார்.

"அக்கா, ஏழாவது கட்டம். ஏதாவது ஒரு படத்து மேல ஒரு கோடு இழுத்துடுங்க. அடிபட்டதுன்னு போடுங்க, அதுதான் பொதுவா இருக்கும்."

தலைவரும், "போடும்மா, ஒரு கோடுதானே? யாரு போய் ஒப்பிட்டுப் பாக்கப் போறா?" என்றார்.

அக்கா பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள். எழுந்து நின்றாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"குறை இல்ல தலைவரே. இருந்தாத்தான எழுதறதுக்கு? நாப்பது வருஷமாப் பெட்டி கட்டறேன். இத விட ஒழுங்கா யாராலயும் கட்ட முடியாது. ஒரு காம்பு கூட ஒரு பழத்தக் குத்தல. கட்டினவன் கை சுத்தமான கை. இதுல குறைன்னு எழுத என் கை வராது."

"அடக் கடவுளே" என்றார் முத்திரை.

"இருங்க தம்பி, முடிக்கல. இவ்வளவு நல்ல பழம் இந்த விலைக்கு எப்படி வருது? அங்க கூலி குடுக்கறவனுக்கு ஆளு ஒரு நம்பர். எங்க எங்கயோ இருந்து பிள்ளைங்க வீட்ட விட்டுப் போய் நின்னு கட்டுதுங்க, அந்தக் கூலியக் குறைச்சுத்தான் இந்த விலைக்கு விக்கறான். அந்த விலையோட என்னால போட்டி போட முடியாது. முடியாதுன்னு சொல்லிக்க எனக்கு வெக்கமில்ல. மண்டிக்கார அண்ணன் சொன்னதும் நெசம்தான், விலை கொஞ்சம் ஏறும். ஆனா இங்க மரம் போச்சுன்னா இங்க உள்ள பிள்ளைங்களும் நம்பராப் போகும். பழம் மோசம்னு பொய் சொல்லி வரி கேக்க வேணாம். பழம் நல்லாத்தான் இருக்கு, நாங்க சாகறோம், அதனால வரி வேணும்னு எழுதுங்க. நான் முன்மொழியறேன்."

ஓட்டெடுப்பு நடந்தது. எட்டுக்கு மூன்று. கை தூக்கச் சொன்னபோது அக்கா இடது கையைத்தான் தூக்கினாள். தான் எதற்குக் கை தூக்குகிறோம் என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரியும்.

ஏழாவது கட்டத்தில் முத்திரை மனசே இல்லாமல் "குறை எதுவும் இல்லை" என்று எழுதினார். எழுதும்போது அவர் முகம் சாவு வீட்டு முகமாக இருந்தது. எல்லாரும் போன பிறகு அக்கா குனிந்து தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கினாள். கிழியாதது நான்கு கிடைத்தது. குறைச்சீட்டையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சீட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு இருக்கிற ஒரே விலாசம் அதுதான். படங்களுக்குக் கீழே நான்கு வரி எழுத இடம் விட்டிருந்தது. படம் எதையும் அவள் தொடவில்லை. கோடு போட்டால்தானே கூலியில் பிடிப்பார்கள்? வெறும் எழுத்துக்கு என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தாள். கெட்டிக்காரி என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள் கூட. பொடி எழுத்தில் எழுதினாள்.

"பழத்தில் ஒரு குறையும் இல்லை. சுற்றினது யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வரி போடச் சொல்லி முன்மொழிந்தது நான்தான். உன் வேலை போனால் என்னைத் திட்டு, திட்டுவதற்காகவாவது பேசு. அன்றைக்கு வாசலை மிதிக்காதே என்று சொன்னது என் தப்பு."

கீழே தன் விலாசத்தை எழுதினாள். அவனுக்குத் தெரியாத விலாசமா? ஆனாலும் எழுதினாள். தபாலில் போட்டுவிட்டு வந்தாள்.

அவள் மன்றம் மாதிரியே இன்னும் பல மன்றங்கள் தீர்மானம் அனுப்பியிருந்தன. இரண்டு மாதத்தில் வரி ஏறியது. தோட்டக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டமாக வந்து, "அக்கா, நீங்கதான் எங்க குலதெய்வம்" என்று கொட்டகையே அதிரும்படி கூத்தடித்துவிட்டுப் போனார்கள். அறுவடைக்கு ஆறு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பகலெல்லாம் பேச்சும் சிரிப்புமாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆறு பேரும் கிளம்பிப் போவார்கள். அதற்குப் பிறகு அந்த நான்கு அறை வீட்டில் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம்தான் பெரிய சத்தம். பேசி நாளாகிவிட்டதே என்று சில சமயம் அவள் தொண்டையைக் கனைத்துப் பார்த்துக்கொள்வாள்.

வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மண்டிக்குப் போனாள். ஓரத்தில் கிடக்கிற பெட்டி மூடிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் உள்ளூர்ப் பெட்டி, எல்லாம் வலப்பக்க முறுக்கு.

"என்னக்கா தேடறீங்க? வெளிநாட்டுச் சரக்கா?" என்றார் தரகர். "அது ஏன் இனிமே வருது? நீங்கதானே நிறுத்தி வெச்சீங்க."

அவள் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வரும் வரைக்கும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, கழற்றத் தெரியவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. உறை மேல் ஆப்பிள் படம். உள்ளே தட்டச்சு செய்த வெளிநாட்டு எழுத்து, ஒன்றும் புரியவில்லை. அந்த பாஷை ஓரளவு தெரிந்தவர் ஊரில் முத்திரை ஒருத்தர்தான். அக்கா செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் மன்ற அலுவலகத்துக்கு ஓடினாள். முத்திரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி நம் பாஷையில் சொல்லிக்கொண்டே போனார்.

"அன்புள்ள வாடிக்கையாளருக்கு. தங்கள் குறைச்சீட்டு கிடைத்தது. படங்கள் எதிலும் குறி இல்லை. தாங்கள் எழுதியிருந்த மொழி எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாததால், அந்த மொழி தெரிந்த ஒரே தொழிலாளியான எண் நாற்பத்தேழையே அழைத்துப் படிக்கச் சொன்னோம். பழம் அடிபட்டிருப்பதாகத் தாங்கள் எழுதியிருப்பதாக அவர் படித்துக் கூறினார்."

"என்னது?" என்றாள் அக்கா.

"இருங்க, முடிக்கறேன். அந்த அடி தன்னால்தான் பட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். விதிப்படி அரை நாள் கூலி பிடிக்கப்பட்டது. அபராதத்துக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. சீட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். நகல் எடுத்துக்கொண்டு மூலச் சீட்டை அவரிடமே கொடுத்துவிட்டோம். ஏற்பட்ட குறைக்கு வருந்துகிறோம்."

முத்திரை கடிதத்தை மேஜை மேல் வைத்துத் தட்டினார். முகமெல்லாம் வெற்றி. "பாத்தீங்களா அக்கா! அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி குறையே இல்லன்னு சாதிச்சீங்க. கட்டினவனே ஒத்துக்கிட்டான் பாருங்க! அடிபட்டதுன்னு போடுங்கன்னு நான் அப்பவே சொல்லல?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடி என்று ஒரு வார்த்தை கூட அந்தச் சீட்டில் அவள் எழுதவில்லை.

"தம்பி, சீட்டு யாருகிட்ட இருக்குதாம்? அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ படிங்க."

"அவன்கிட்டதான்கா. கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டானாம். எதுக்குன்னுதான் தெரியல." முத்திரை கடிதத்தை நேராக வைத்து, இழுப்பறையைத் திறந்து, முத்திரைக் கட்டையை எடுத்து மையில் ஒற்றினார். "சரி, தீர்மானத்தோட இதையும் ஃபைல்ல சேத்துடறேன். நல்ல ஆதாரம்."

"வை கீழ அத!" அக்கா போட்ட சத்தத்தில் அவர் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அவள் எட்டிக் கடிதத்தை எடுத்துக்கொண்டாள். "ஆபீஸ் காகிதமில்ல அது. என் பையன் எனக்குப் போட்ட கடுதாசி."